ரஷீதாவுக்குப் பொட்டலம் அனுப்பாதே

தாராவி, மும்பை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கண்ணனுக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். அப்பாவைப் பற்றி அந்த வார்த்தையை எழுத முடியவில்லை, ஏன் என்று கீழே சொல்கிறேன். நீ சுகமாக இருப்பது போனைத் திறந்தாலே தெரிகிறது, அதனால் கேட்கவில்லை. மாரிக்கண்ணன் என்று பெயர் வைத்தோம், இப்போது நீ நாலு லட்சம் பேருக்குப் பச்சிலைக் கண்ணன், இருந்தாலும் இந்தக் கடிதம் என் மகனுக்குத்தான். ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேச எனக்குப் பயமாக இருக்கிறது. நான் பேசுவதை நீ பதிவு செய்து, வேண்டிய துண்டை மட்டும் நறுக்கிப் போட்டுவிடுகிறாய். சளிக்குக் கற்பூரவல்லி போட்டுக் குடித்தாயா என்று ஒரு நாள் சும்மா கேட்டேன், அது புல்லாங்குழலோடு சேர்ந்து எங்கெல்லாமோ போனது, மீன் வாங்கப் போன இடத்தில் என் குரலே எனக்குக் கேட்டது. அதுவும் போக, நம் வீடு ஒரே அறை, நான் உன்னிடம் எது பேசினாலும் அப்பா காதில் விழும், இந்தக் கடிதத்தில் இருப்பது அவர் உனக்குத் தெரியவே கூடாது என்று என்னிடம் சொன்ன விஷயம். தமிழ் படிக்க உனக்கு நேரமாகும். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தமிழில் பாடம் எடுக்கிறவள் தன் பிள்ளையை இங்கிலீஷ் மீடியத்தில் போட்டாள் என்று அந்தக் காலத்தில் பேசியவர்கள் உண்டு. எழுத்துக் கூட்டியாவது நீயே படி. பக்கத்தில் இருக்கிற யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே, கேமராவுக்கு முன்னால் படிக்கவே படிக்காதே.

இங்கே மழை இன்னும் விடவில்லை, சந்தில் தண்ணீர் நின்று நின்று வடிகிறது, குடிசையை இடித்து மாடி வீடு தருவதாக வீட்டுக்கு வீடு நம்பர் எழுதிப் போனவர்கள் திரும்பி வரவில்லை. அப்பா பட்டறைக்குப் போவதில்லை. காய்ச்சல் என்று உன்னிடம் சொன்னோம், அது காய்ச்சல் இல்லை. பை தைக்கிற இடத்தில் ரிவெட் ஆணி ஒன்று அவர் இடது காலில் ஏறியிருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. அதோடு வேலை பார்த்திருக்கிறார், அதோடு நடந்து வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறார். மறுநாள் பட்டறைத் தரையில் ரத்தக் கறை இருப்பதைப் பார்த்து, கூட வேலை பார்க்கிற பூலோகம்தான் யார் காலில் என்ன என்று தேடியிருக்கிறான். சர்க்கரை ஏறிப்போனால் காலில் உணர்வு செத்துவிடும், இதை நான் ஏழாம் வகுப்புக்குப் பாடமாகச் சொல்கிறேன், என் வீட்டில் நடப்பது எனக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் கால் கறுத்துவிட்டது. பெருவிரலையும் அதற்கு அடுத்ததையும் எடுத்துவிட்டார்கள். கண்ணா, இந்த வரியை இன்னொரு தரம் படி. உன் அப்பாவுக்கு இடது காலில் இரண்டு விரல் இல்லை. புண் ஆறாவிட்டால் கணுக்கால்வரை எடுக்க வேண்டி வரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். தினமும் நான்தான் கட்டுப் பிரித்துக் கட்டுகிறேன்.

வார்டில் இருந்த டாக்டரம்மா மராட்டிப் பெண், உன்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும், கோலி பந்த் கியா க்யா காகா, மாத்திரையை நிறுத்திவிட்டீர்களா என்று அவரிடம் கேட்டாள். இல்லை என்று தலையை ஆட்டினார். ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள், நானும் இல்லை என்றேன், ஏனென்றால் மாத்திரை அட்டை மாதாமாதம் காலியாகிக்கொண்டுதான் இருந்தது. அவள் போன பிறகு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். திரும்பாமலே, ஏட்டி, மாத்திரைய நான் முழுங்கல, பிதுக்கிப் பிதுக்கிச் சாக்கடையில போட்டேன் என்றார். எப்போதிருந்து என்று கேட்டேன். புள்ள வீடியோ போட்டதுல இருந்து என்றார்.

அந்த வீடியோ எது என்று உனக்குத் தெரியும். பொங்கலுக்கு வந்திருந்தாய், விடிந்ததும் அடுப்புப் பக்கம் என்னை நகரச் சொல்லிவிட்டு, அப்பா கையில் செம்பைக் கொடுத்து, ஆவாரம்பூவும் நாவல்கொட்டையும் சிறுகுறிஞ்சானும் போட்ட கஷாயம் என்று காட்டினாய். எங்கப்பா மாசக்கணக்கா இங்கிலீஷ் மாத்திரைய கையால தொடுறதில்ல, என்னப்பா என்று கேட்டாய். அவர் என்னைப் பார்த்தார். அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் டீயோடு மாத்திரை போட்டிருந்தார். பிறகு கேமராவைப் பார்த்து ஆமா என்று தலையை ஆட்டினார். பிள்ளைகள் விளையாட்டுக்குச் செய்கிற காரியம் என்று அப்போது விட்டுவிட்டேன். அது ஊர் முழுக்கப் போன பிறகு உன் அப்பாவுக்கு நடந்தது உனக்குத் தெரியாது. டீக்கடையில் அவருக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்கள். வடாலாவில் இருந்தும் மான்குர்த்தில் இருந்தும் ஆள் வந்து அவரை விசாரித்தார்கள். பதினாறு வயதில் இருந்து தோல் பை தைக்கிற மனிதரிடம் யாரும் இதுவரை எதைப் பற்றியும் யோசனை கேட்டதில்லை, நானும் உட்பட. அவர் நிமிர்ந்து நடந்ததை நான் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. ஒரு நாள் மத்தியானம் பட்டறையில் சாப்பாட்டுக்கு முன்னால் மாத்திரையை எடுத்திருக்கிறார், பூலோகம் பார்த்துவிட்டு, என்னவே சுரேந்திரண்ணே, மவன் வீடியோவுல ஒண்ணு சொல்லுதான், நீரு டப்பாவுல ஒண்ணு வச்சிருக்கீரு, நாங்க யார நம்ப என்றிருக்கிறான். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அன்றோடு சரி. கஷாயத்தை நம்பி அவர் மாத்திரையை விடவில்லை. வார்டில் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். புள்ள ஊரறியச் சொல்லிட்டான், நான் மாத்திர தின்னா அவன் பொய்யனாயிருவாம்லா. நீ சொன்னது உண்மையாக இருக்கட்டும் என்று அவர் உடம்பால் அதை உண்மையாக்கியிருக்கிறார். பூலோகம் இப்போது தினமும் வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போகிறான். அவன் கேலிதானே பண்ணினான்.

செடிகொடியெல்லாம் சும்மா என்று நான் சொல்ல வருகிறேன் என்று நினைக்காதே. பாளையங்கோட்டையில் மூன்று வருடம் தாவரவியல் படித்தவள் அப்படிச் சொல்ல மாட்டேன். ஏணிப்படிப் பக்கம் பெயின்ட் டப்பாவில் இருக்கும் கற்பூரவல்லி இன்னும் இருக்கிறது, சந்தில் எந்தக் குழந்தைக்குச் சளி என்றாலும் அதில்தான் வந்து பறிக்கிறார்கள். வயிறு உப்பினால் ஓமத் தண்ணீர், தொண்டை கட்டினால் தூதுவளை, அதெல்லாம் நீ வளர்ந்த வீட்டு வழக்கம். பச்சிலைக்குச் சக்தி உண்டு என்பதால்தான் யாருக்கு, எவ்வளவு, வேறு எந்த மருந்தோடு என்று கேட்க வேண்டியிருக்கிறது. நீ அதைக் கேட்பதே இல்லை. நீ ஐந்தாவது படிக்கும்போது மாட்டுங்கா மார்க்கெட்டில் ஒரு அம்மாவிடம் சிறுகுறிஞ்சான் இலை வாங்கி வந்து உன்னை மெல்லச் சொன்னேன், மென்ற பிறகு சர்க்கரையை வாயில் போட்டேன். அம்மா மண்ணு மாதிரி இருக்கு என்று குதித்தாய், சந்துப் பிள்ளைகளை எல்லாம் கூட்டி வந்து ஒவ்வொருத்தன் வாயிலும் இலையைத் திணித்தாய். அப்போது நான் சொன்னது, இந்த இலை கொஞ்ச நேரத்துக்கு நாக்குக்கு இனிப்புத் தெரியாமல் பண்ணும், சர்க்கரை சர்க்கரையாகத்தான் உள்ளே போகும் என்று. முதல் பாதியை மட்டும் நீ ஞாபகம் வைத்திருக்கிறாய். போன மாதம் மலையடிவாரத்தில் நின்று நீ கையில் பிடித்துக் காட்டியது சிறுகுறிஞ்சானே இல்லை, அதன் இலை எதிரெதிரே ஜோடியாக வரும், உன் கையில் இருந்தது மாறி மாறி வந்திருந்தது. அது என்ன கொடி என்று எனக்கும் தெரியவில்லை, அந்த வீடியோவைப் பார்த்து எத்தனை பேர் பறித்தார்களோ.

இன்னொன்று சொல்ல வேண்டும், சின்ன விஷயம்தான், ஆனால் தொண்டையில் நிற்கிறது. பள்ளிக்கூடப் படி மிதிக்காத என் ஆத்தா சொல்லித் தந்த மருந்து என்று நீ பேசுகிறாய். பிறந்ததில் இருந்து நீ என்னை ஆத்தா என்று ஒரு நாள் கூப்பிட்டதில்லை. வடாபாவ் தின்று ஹிந்தியில் சண்டை போட்டு வளர்ந்தவன் நீ, காலை டிபனுக்குக் கம்பங்கூழ் குடித்து வளர்ந்ததாகச் சொல்கிறாய், அதைக்கூடச் சிரித்துக்கொண்டு விட்டுவிடலாம். என் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, டீச்சர் நீங்க ஸ்கூலுக்கே போகலியாமே, அப்ப எங்களுக்கு எப்படி பாடம் எடுக்கீங்க என்று கேட்டான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். படித்த அம்மா உனக்கு எதற்கு உதவ மாட்டாள் என்று யோசித்தேன். படித்த அம்மா சில இடங்களில் இல்லை என்று சொல்வாள், படிக்காத ஆத்தா நீ எழுதிக் கொடுத்ததை மட்டும் சொல்வாள், அதனால்தான் அவளை நீ உண்டாக்கிக்கொண்டாய் என்று தோன்றியது. இப்போது கஷாயப் பொடிப் பொட்டலத்தில் அவள் முகமாக என் முகத்தைப் போட்டு விற்கிறாய். உன் சித்தி மகள் செல்வி கல்யாணத்தில் எடுத்த போட்டோ, நகையை மட்டும் அழித்திருக்கிறாய்.

ஆஸ்பத்திரியில் இருந்து அவர் வீட்டுக்கு வந்த அன்று நீ வீடியோ கால் போட்டாய். அவர் அவசரமாக முகம் கழுவி, தலைவாரி, விபூதி பூசச் சொன்னார், சுவரில் சாய்த்து உட்கார வைத்தேன், முகம் மட்டும் தெரிகிற மாதிரி போனைப் பிடிக்கச் சொன்னார், பிடித்தேன். வலி மாத்திரையில் அவர் முகம் மினுமினுவென்று வீங்கியிருந்தது. அப்பா முகத்துல என்ன களை பாத்தியாம்மா என்றாய். அவர் சிரித்தார். மறுநாள் அந்தச் சிரிப்பு உன் வீடியோப் பக்கத்தில் வந்திருந்தது, அப்பா முகத்தில் வந்த ஒளி என்று தலைப்பு, கீழே ஆயிரக்கணக்கில் கும்பிடு. அவர் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். போனைப் பிடித்த கை என்னுடையது. அன்றைக்கே கையைக் கொஞ்சம் கீழே இறக்கியிருந்தால் நீ காலைப் பார்த்திருப்பாய். அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு என்னால் அது முடியவில்லை.

இவ்வளவும் நம் வீட்டோடு போயிருந்தால் நான் எழுதாமலே இருந்திருப்பேனோ என்னவோ. எழுதுவது சஃப்ரீனுக்காக. மூன்றாவது சந்து ரஷீதாவை உனக்குத் தெரியும், துணியில் ஜரிகை வேலை பார்க்கிறாள், அவள் மகள் சஃப்ரீன் என் வகுப்பில் இருக்கிறாள். குழந்தையில் இருந்தே அவளுக்குச் சர்க்கரை, அப்பாவுக்கு வந்த மாதிரி இல்லை, அந்த உடம்பில் இன்சுலின் சுரப்பதே இல்லை, ஊசி போட்டால்தான் அவள் உயிரோடு இருப்பாள், அதற்கு ஈடாக ஒரு இலை இந்த உலகத்தில் முளைக்கவில்லை. நாளுக்கு நாலு ஊசி குத்திக் குத்தி அந்தப் பிள்ளை வயிறு முழுக்கத் தழும்பு, பெற்றவளுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. உன் வீடியோவைப் பார்த்துவிட்டு என்னிடம் பொடி கேட்டு வந்தாள். இது அவளுக்கு ஆகாது என்று நான் எவ்வளவோ சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. டீச்சர், கைமருந்து வச்சிருக்கவங்க கேட்ட ஒடனே குடுக்க மாட்டாங்க, அது எனக்கும் தெரியும், ஆனா புள்ள உசுரு டீச்சர், மறைச்சு வச்சுராதீங்க என்றாள். நான் மறுக்க மறுக்க அது பெரிய மருந்து என்று அவளுக்கு உறுதியாகிக்கொண்டே போனது.

பேச்சு எடுபடாது என்று தெரிந்ததும் அவளைக் கையோடு வீட்டுக்குக் கூட்டி வந்தேன். நல்லாப் பாத்துட்டுப் போ ரஷீதா, இதுதான் அந்த மருந்து செஞ்ச வேலை என்று சொல்லிவிட்டு, காலைக் காட்டுங்க என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், பொங்கலன்று பார்த்த அதே பார்வை. கைலியை இழுத்துக் கால் முழுக்க மூடிக்கொண்டார். அது ரிவெட் குத்துனது தாயி, பட்டறையில கவனிக்காம விட்டுட்டேன், மருந்து மேல குத்தமில்ல, எம்புள்ள பொய் சொல்ல மாட்டான் என்றார். ரஷீதா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். கண்ணா, உன் அப்பாவுக்கு இப்போது காலையிலும் சாயங்காலமும் நான்தான் இன்சுலின் போடுகிறேன். போடுவதற்கு முன்னால் திரையை இழுத்துவிடச் சொல்கிறார். சந்தில் யாரும் பார்த்துவிடக் கூடாதாம். ரஷீதா வந்த அன்றும் அந்த ஊசி அரிசி டப்பாவுக்குப் பின்னால்தான் இருந்தது, எடுத்துக் காட்டியிருப்பேன், ஆனால் அவர் சொன்ன பிறகு நான் எதைக் காட்டினாலும் அவள் நம்பியிருக்க மாட்டாள்.

அவள் நேராக உன்னிடமே பொடிக்கு எழுதிப் போட்டுவிட்டாள். இங்கிலீஷ் மருந்தும் நாட்டு மருந்தும் ஒரே உடம்பில் சேரக் கூடாது, பத்தியம் கெட்டுவிடும் என்று நீ சொல்லியிருக்கிறாய் அல்லவா, அதனால் பொட்டலம் கைக்கு வந்த நாளில் இருந்து ஊசியை நிறுத்தப்போகிறேன் என்கிறாள். இப்போதே சாயங்கால ஊசியைத் தள்ளிப் போட்டுப் பார்த்திருக்கிறாள். வியாழக்கிழமை சஃப்ரீன் வகுப்பில் தண்ணீர் பாட்டிலை நிரப்பி நிரப்பிக் குடித்தாள், டெஸ்கில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள், மூச்சில் அழுகிய பழத்தின் வாடை அடித்தது. அது இன்சுலின் கிடைக்காத உடம்பில் வருகிற வாடை என்று எனக்குத் தெரியும். நானே ரிக்‌ஷாவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பிழைத்துக்கொண்டாள், வீட்டுக்கு வந்துவிட்டாள். அவ பத்தியம் சரியா இல்லாததாலதான் இப்படி ஆச்சு, பொடி வரட்டும் என்று ரஷீதா பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள். உனக்கு அன்றைக்கே போன் பண்ணினேன், கூட்டத்தில் இருந்தாய், அனுப்புறதெல்லாம் பசங்க பாத்துக்கறாங்கம்மா, நெகட்டிவா பேசாதீங்க என்று வைத்துவிட்டாய்.

அதனால் ஸ்பீட் போஸ்டில் இதை அனுப்புகிறேன். படித்து முடித்ததும் முதலில் ரஷீதா பெயருக்கு இருக்கிற பொட்டலத்தை நிறுத்து. நிறுத்தினால் மட்டும் போதாது, மருந்து தீர்ந்துவிட்டது என்று நினைத்து வேறு எங்காவது வாங்குவாள். அவளைக் கூப்பிட்டுப் பேசு, நம்பரைக் கடைசியில் எழுதியிருக்கிறேன். எங்கப்பா மாத்திரை போட்டுக்கிட்டுதான் இருந்தாரு, நான் வீடியோவுக்காகப் பொய் சொன்னேன், அதுக்கப்புறம் நிறுத்தினாரு, விரல் போச்சு, இப்ப ஊசி போடுறாரு என்று சொல். இதை நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், மருந்தை மறைத்து வைக்கிற பொறாமைக்காரி ஆனதுதான் மிச்சம். உன் அப்பா சொல்ல மாட்டார், கணுக்கால் போனாலும் அவர் உன்னை விட்டுக்கொடுக்க மாட்டார். நீ ஒருவன்தான் பாக்கி. அவளிடம் சொன்ன பிறகு மற்றவர்களுக்கும் அதையே சொல்லி அந்தப் பொங்கல் வீடியோவை எடுத்துவிடு. அழுதுகொண்டு சொல்லாதே, பாட்டுப் போடாதே, அப்பா காலைக் காட்டவும் வந்துவிடாதே. அவரிடம் இந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசாதே, நீயாக மனம் மாறிச் சொன்னதாகவே அவர் நினைத்துக்கொள்ளட்டும், அந்த ஒரு சந்தோஷமாவது அவருக்கு மிஞ்சட்டும்.

கேட்காமல் விட்டேன் என்று நினைக்காதே, உன் உடம்பைப் பற்றியும் கவலை இருக்கிறது. நம் வீட்டு ரத்தம், நீயும் வருடத்துக்கு ஒரு முறை சர்க்கரை பார்த்துக்கொள். மலையில் அலைகிறவன் செருப்பில்லாமல் அலையாதே, வீடியோவில் காலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போகிறது. நன்றாகச் சாப்பிடு. உன்மேல் கோபம் தீரவில்லை, அது தீர்ந்த பிறகு எழுதலாம் என்றால் சஃப்ரீனுக்கு நேரமில்லை. எங்கிருந்தாலும் நோய்நொடி இல்லாமல், யாருக்கும் நோய் கொடுக்காமல் நீ நீண்ட நாள் இருக்க வேண்டும் என்றுதான் விளக்கேற்றும்போது கேட்கிறேன். என்ன இவ்வளவு நேரமாக எழுதுகிறாய் என்று அப்பா கட்டிலில் இருந்து கேட்கிறார், பரீட்சைக்குக் கேள்வித்தாள் என்று சொல்லியிருக்கிறேன். ஊசி போடுகிற நேரமாகிவிட்டது, திரையை இழுக்கச் சொல்கிறார்.

ரஷீதா நம்பர் பின்பக்கம் இருக்கிறது. அவளை முதலில் கூப்பிடு, என்னை அப்புறம் கூப்பிடலாம்.

இப்படிக்கு,
பள்ளிக்கூடப் படியைத் தினமும் மிதிக்கிற உன் அம்மா,
சங்கரேஸ்வரி